ஜெனரேட்டர் வாங்கியாயிற்று, இனி கவலையில்லையா?

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கடலோரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசிக்கிறார். 73 வயதான மாமனாருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) தேவைப்படுகிறது. அவ்வப்போது நெபுலைசரும் உண்டு. 14 வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு. சென்ற புயலின்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டார் மாடிப்படிக்குக் கீழே ஜெனரேட்டரை ஓட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்ததால் மாமனார் பிழைத்தார் என்று நன்றியுடன் எழுதுகிறார். ஃபிரிட்ஜ் நின்றுபோனதால் இன்சுலின் கெட்டிருக்கும் என்று பயந்து மொத்தத்தையும் குப்பையில் போட்டார்கள். மறுநாள் மருந்துக் கடைகள் திறக்கவில்லை. மகளுக்கு ஒரு நாள் ஊசி போட முடியாமல் போயிற்று. இப்போது கணவர் சொந்தமாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டார். பால்கனியில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று வாசகி சொன்னால், கணவர் சிரிக்கிறார்; மாமனார் கோபப்படுகிறார். 'நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா, டாக்டர்?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

இல்லை. நீங்கள் பயப்படுவது சரிதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'இரண்டாம் நாள் இரவு எங்கள் எல்லோருக்கும் தலைவலி, எனக்கும் மகளுக்கும் வாந்தி, தூக்கமில்லாததால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மாமனாரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தோம், 95 காட்டியது, நிம்மதியாக இருந்தது.' அந்த வரியைப் படித்தபின் எனக்கு நிம்மதி போய்விட்டது. அன்றைய இரவை இன்று உட்கார்ந்துகொண்டு உறுதியாகக் கணிக்க முடியாது. ஆனால் மூடிய படிக்கட்டின் அடியில் ஓர் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது. வெவ்வேறு வயதுள்ள நான்கு பேருக்கு ஒரே இரவில் தலை வலித்திருக்கிறது. இதைக் கேட்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது கார்பன் மோனாக்சைடு விஷம்தான்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையையும் உறுத்தாது. பெட்ரோல், டீசல், கரி, விறகு என எது எரிந்தாலும் இது உண்டாகும். மூடிய இடத்தில் அளவு விரைவாக ஏறும். ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இதைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு ஏமாற்றும் உண்டு. விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்தறிய முடியாது. உடல் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும்போதே அது 95, 98 என்று அழகாக எண் காட்டும். உங்கள் மாமனாரின் அன்றாட நோய்க்கு அந்தக் கருவி நல்ல துணை. ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் அதை நம்பக் கூடாது.

ஆகவே பக்கத்து வீட்டாரின் ஜெனரேட்டர் மாமனாரைக் காப்பாற்றியது என்பது பாதி உண்மைதான். அந்த உதவியே எல்லோரையும் ஆபத்துக்குள் கொண்டுபோயிருக்கலாம். அவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர்களும் அதே புகையைத்தான் சுவாசித்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவர்களுடன் உட்கார்ந்து பேசுங்கள்.

பால்கனி வெளியிடம் ஆகாது

உங்கள் கணவருக்கு இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: கதவைத் திறந்துவைப்பது பாதுகாப்பு அல்ல, புகை உள்ளே வருவதற்கான வழி. ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டாலும் போதாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, தரைத்தளத்தில், திறந்த வெளியில் இருக்க வேண்டும். புகைக்குழாய் எந்த வீட்டின் கதவையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது, மேல் மாடிக்காரரின் ஜன்னலும் கணக்கில் உண்டு. பால்கனி, படிக்கட்டு, கார் நிறுத்தும் கீழ்த்தளம், மூடிய மொட்டைமாடி அறை எல்லாமே விலக்கு.

இரண்டாவது மாடியில் இருக்கும் உங்களுக்கு இதன் பொருள் என்னவென்று தெரிகிறதா? அந்த இயந்திரத்தை உங்கள் வீட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தவே முடியாது. குடியிருப்பில் உள்ளவர்கள் சேர்ந்து, தரையில் திறந்த இடம் ஒதுக்கி, தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்ச் வைத்து இணைத்தால் அது அனைவருக்கும் பயன்படும். அது முடியாதென்றால் விற்றுவிட்டு, அந்தப் பணத்தை பேட்டரியிலும் ஆக்சிஜன் சிலிண்டரிலும் போடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை மூலையில் போட மனம் வராது என்பது தெரியும். அந்தத் தயக்கத்தில்தான் பலர் 'கொஞ்ச நேரம் மட்டும்' என்று உள்ளே வைத்து ஓட்டுகிறார்கள்.

ஜெனரேட்டரின் ஒயரைச் சுவரில் உள்ள பிளக் பாயின்டில் செருகி வீடு முழுவதும் மின்சாரம் பாய்ச்சுகிற வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் வெளியே உள்ள கம்பிக்கும் போகும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிரிழப்பார்.

புகை வரும் எந்த எஞ்சினையும் அக்கம்பக்கத்தில் யார் ஓட்டினாலும், உங்கள் வீட்டில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்கட்டும். தீப்புகையைக் காட்டும் கருவி வேறு, இது வேறு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். மீண்டும் ஒருமுறை பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் காரணம் தேடாமல் எல்லோரும் வெளியே காற்றுக்குப் போய்விடுங்கள். மருத்துவமனையில் 'ஜெனரேட்டர் புகை இருந்தது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று அறியும் ரத்தப் பரிசோதனையைச் செய்வார்கள். சொல்லாவிட்டால் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

ஆக்சிஜன்: நம்பிக்கை போதாது, கணக்கு வேண்டும்

'வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, சில மணி நேரம் தாங்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணி நேரம் என்று போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் பெரும்பாலும் 300 முதல் 400 வாட் இழுக்கும். உங்கள் கருவியின் பின்புறத் தகட்டில் சரியான எண் இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி மின்சாரம் உண்டு. இன்வெர்ட்டரில் இழப்பு போக, பேட்டரியை அடிமட்டம் வரை வற்றவைக்கக் கூடாது என்பதால், கைக்குக் கிடைப்பது சுமார் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு. 350 வாட் கருவிக்கு அது மூன்று மணி நேரம். பேட்டரி பழையதென்றால் இன்னும் குறைவு. விளக்கும் மின்விசிறியும் அதிலேயே ஓடினால் அதற்கும் கீழே. மூன்று நாள் இருட்டுக்கு இது எந்த மூலைக்கு? இன்னொன்று: இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள், மலிவான சதுர அலை வகை இந்தக் கருவிகளுக்கு ஏற்றதல்ல.

சிலிண்டர் கணக்கு இதைவிட நேரடியானது. 1,500 லிட்டர் வாயு உள்ள சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 7,000 லிட்டர் கொண்ட பெரிய சிலிண்டர் அதே வேகத்தில் 58 மணி நேரம். தினம் 15 மணி நேரம் பயன்படுத்துபவருக்கு அது ஏறக்குறைய நான்கு நாள். ரெகுலேட்டரும் சாவியும் அந்தச் சிலிண்டருக்குப் பொருந்துகிறதா என்பதை வெயில் அடிக்கும் ஒரு நாளில், அவசரமில்லாமல், மாட்டிப் பார்த்துவிடுங்கள். சிலிண்டர் சாயாதபடி கட்டி நிறுத்துங்கள். வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ், கைக்குப் போடும் களிம்பு எதுவும் படக் கூடாது.

மின்சாரம் போனதும் எல்லா வீட்டிலும் கை தானாக மெழுகுவர்த்தியைத் தேடும். உங்கள் வீட்டில் அது கூடாது. ஆக்சிஜன் ஓடும் அறையில் துணியும் தலைமுடியும் தீப்பிடித்தால் நொடியில் பரவும். மெழுகுவர்த்தி, விளக்கு, கொசுவர்த்திச் சுருள் எல்லாவற்றுக்கும் பதிலாக பேட்டரி விளக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் கையில் இருக்கும்போது பாசத்தில் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். இந்த நோயுள்ள பலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கரியமில வாயுவை உடலில் தேங்கவைத்து மயக்கத்தில் கொண்டுபோய்விடும். பொதுவாக ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் இலக்கு வைக்கிறோம். உங்கள் மாமனாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். உறக்கம் கலையாமல் கிடப்பது, பேச்சுக் குழறல், குழப்பம், உதடு நீலமாவது ஆகியவை வந்தால் காத்திருக்க வேண்டாம்.

நெபுலைசரைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து உள்ளிழுக்க உதவும் குழல்) மாட்டிய இன்ஹேலர் பெரும்பாலானவர்களுக்கு அதே அளவு வேலை செய்யும், மின்சாரம் கேட்காது. சரியாக இழுக்கத் தெரிகிறதா என்று இப்போதே மருத்துவர் முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் பழக்கமும் இருட்டு நேரத்துப் பதற்றத்தில் பெரிதாகக் கைகொடுக்கும்.

மகளின் இன்சுலின்

அன்று எறிந்த இன்சுலினில் பெரும்பகுதி நன்றாகவே இருந்திருக்கும். ஃபிரிட்ஜில் வைப்பது மாதக்கணக்கில் சேமிப்பதற்காக. பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, வெளியிலேயே சுமார் 28 நாள் தாங்கும். உங்கள் வகையின் தாளில் சரியான நாள் அச்சிட்டிருக்கும். வெப்பமான ஊர்களில் நிலைமை என்ன என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலினும் வீரியம் இழக்கவில்லை. அதற்காக வெயில் விழும் ஜன்னலோரத்தில் வையுங்கள் என்று சொல்லவில்லை. மூன்று நாள் மின்வெட்டுக்காக ஊசியை நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

அவளுக்கு உண்மையான ஆபத்து அந்த ஊசி இல்லாத நாள்தான். முதல் வகை நீரிழிவில் உடல் சொந்தமாக இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறாள் என்ற காரணத்துக்காகக்கூட அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கீட்டோன் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, வாயில் பழவாடை வந்தால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம். வெளியில் இருந்த இன்சுலின் என்று சந்தேகப்பட்டு எறிவதைவிட, போட்டுக்கொண்டு சர்க்கரையை அடிக்கடி பார்ப்பது மேல். காரணமில்லாமல் அளவு ஏறிக்கொண்டே போனால் புதிய குப்பிக்கு மாறுங்கள்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் எறியுங்கள்: உறைந்துபோன இன்சுலினை. பதற்றத்தில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நேராகப் புதைத்து வைப்பவர்கள் வெப்பத்திலிருந்து காப்பதாக நினைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். துணியில் சுற்றி, ஐஸ் படாமல் வையுங்கள். ஈர மணல் நிரப்பிய இரட்டை மண்பானையும் நல்ல வழி. ஆனால் புயலுக்குப் பிந்தைய ஈரக் காற்றில் அது அவ்வளவாகக் குளிராது. அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். மருத்துவரிடம் சீட்டு வாங்கி இரண்டு வார இருப்பு, ஊசிகள், சர்க்கரைப் பட்டைகள், கீட்டோன் பட்டைகள், தாழ்சர்க்கரைக்குக் குளுகோஸ் ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் வைத்திருங்கள்.

மாமனார் வர மறுக்கிறார்

சுயநினைவோடு யோசிக்கும் பெரியவர் ஒருவருக்கு 'வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை உண்டு. தூக்கிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் அவருடைய முடிவு உங்கள் மகளையும் சேர்த்துக் கட்டிப்போட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பேசினாலே வீட்டில் பாதிச் சண்டை தீரும் என்று நினைக்கிறேன்.

அவரிடம் தனியாகக் கேளுங்கள், உங்கள் கணவர் இல்லாத நேரத்தில். எதற்காகப் பயப்படுகிறார்? நான் பார்த்தவரை, பெரியவர்கள் வீட்டை விட்டு வர மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டின் மீதுள்ள பற்று அல்ல. அடுத்தவர் வீட்டில் இரவில் கழிப்பறைக்குப் போவது, குழாயோடு மற்றவர் முன் உட்கார்ந்திருப்பது, பாரமாகிவிடுவது. இவற்றுக்குத் தீர்வு உண்டு. கழிப்பறை ஒட்டிய அறையுள்ள உறவினர் வீடு எது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எப்போது கிளம்புவது என்பதையும் புயல் இல்லாத இன்றே எழுதி வைத்துவிடுங்கள். வானிலைத் துறை உங்கள் பகுதிக்கு எந்தக் கட்ட எச்சரிக்கை விடுத்தால் கிளம்புவது, எந்த வண்டி, எந்த வழி. காற்று வேகமெடுத்த பின் ஆம்புலன்ஸும் வராது. காற்று திடீரென்று நின்றுவிட்டால் புயல் போய்விட்டதென்று வெளியே இறங்காதீர்கள். புயலின் கண் உங்கள் மேல் நிற்கலாம், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

'எங்கள் கட்டடம் உறுதியானது' என்று உங்கள் கணவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கட்டடம் நிற்கும்; கேள்வி அதன்பின் வரும் மின்வெட்டைப் பற்றியது. 2017இல் மரியா புயல் தாக்கிய கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் அரசின் இறப்புக் கணக்கு பல மாதங்கள் 64 ஆகவே இருந்தது. அடுத்த மாதங்களில் நேர்ந்த கூடுதல் இறப்புகளைக் கணக்கிட்டபின், 2018இல் அது 2,975 என்று திருத்தப்பட்டது. நீண்ட மின்வெட்டும் மருத்துவ வசதி துண்டிக்கப்பட்டதும் அந்த உயிரிழப்புகளில் பெரும்பங்கு வகித்தன. மின்சாரத்தில் சுவாசிக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில், முன்கூட்டியே கிளம்புவது கோழைத்தனம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. எல்லோரும் கிளம்பும் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்பே நீங்கள் கிளம்ப வேண்டும்.

அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். தீவிரமானால் கட்டாயம் போங்கள். தங்குமிடமாக அதை எண்ணாதீர்கள்; அன்றைக்கு அங்கேயும் ஜெனரேட்டரில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், படுக்கையும் நிரம்பியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. அதற்குப் பின் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நோய் தரும் கிருமிக்கு வாசனை இருக்க வேண்டுமென்பதில்லை. குடிக்கவும் அத்தியாவசியத் தேவைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர். சந்தேகமான நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, மருத்துவரின் எண் ஆகியவை தாளில் இருக்கட்டும், கைபேசி அணைந்துபோகும்.

மின்சாரம் தரும் நிறுவனத்திடம் முன்னுரிமை கேட்க முடியுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. உயிர்காக்கும் கருவி உள்ள வீடுகளைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, விதிகள் இடத்துக்கு இடம் மாறும். மருத்துவச் சான்றிதழை இணைத்து எழுத்தில் விண்ணப்பியுங்கள், ஒப்புகை வாங்குங்கள். உள்ளூர் பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். திட்டமிட்ட மின்தடைக்கு முன் தகவல் கிடைக்கவும், மீட்பு வாகனங்கள் வரும்போது உங்கள் கதவு பட்டியலில் இருக்கவும் அது உதவும். சாய்ந்த கம்பங்களை ஒரே இரவில் நிமிர்த்த எந்தப் பதிவாலும் முடியாது.

அடுத்த முறை மாமனாரை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது மூன்றை மட்டும் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓய்வாக இருக்கலாம்? அளவு எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஓட வேண்டும்? சிலிண்டரில் எந்த வேகம்? கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பால்கனி ஜெனரேட்டரைப் பற்றி அந்த மருத்துவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்.